கண்டவரும் கேட்டவரும்

காண்டாமிருகம் ஒன்றின் படம். உடல் முழுவதும் போர்வீரனின் இரும்புக் கவசம் போன்ற தகடுகள்; தகடுகளின் விளிம்பில் ஆணி அடித்தாற்போன்ற புள்ளிகள்; கால்களிலே மீன் செதில்; மூக்கின்மேல் உரிய இடத்தில் உரிய கொம்பு. இவை போதாவென்று தோள்மேட்டின் மீது முறுக்கிவிட்ட சிறு கொம்பொன்று தனியாக நிற்கிறது. உலகத்தில் எந்தக் காண்டாமிருகத்திற்கும் அவ்விடத்தில் கொம்பு முளைத்ததில்லை. ஆயினும், ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காண்டாமிருகம் என்றால் இதுதான். இதை வரைந்தவர் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர். ஆண்டு 1515. அவர் தம் வாழ்நாளில் ஒரு காண்டாமிருகத்தையும் கண்டதில்லை.

அவர் காணாத அந்த விலங்கோ, கற்பனையில் பிறந்ததன்று. குஜராத்தை ஆண்ட சுல்தான் இரண்டாம் முஸப்பர் ஷாவிடமிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து சென்ற, உயிரும் பசியும் உள்ள விலங்கு. அதை நேரில் கண்டவர்கள் ஐரோப்பாவிலேயே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கண்டது நிலைக்கவில்லை. காணாதவர் வரைந்தது நிலைத்தது.

இடைக்கால ஐரோப்பியர் இல்லாத விலங்குகளையெல்லாம் நம்பினார்கள் என்று சொல்லிச் சிரிப்பது எளிது. இருக்கின்ற விலங்கு கண்முன் வந்து நின்றபோதும் அதைப் பழைய ஏட்டின் வழியாகவே பார்த்தார்கள் என்பது அதைவிடச் சிந்திக்கத் தக்கது. அவ்வாறு பார்த்தவர்கள் அங்கு மட்டுந்தானா இருந்தார்கள் என்பதையும் நாம் நாணாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த விலங்கின் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றிய அல்புகர்க்கின் பெயரை, இந்தியப் பெருங்கடலில் கப்பலோட்டிய முஸ்லிம் வணிகர்களின் வழித்தோன்றல்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குஜராத்தின் தியூ துறைமுகத்தில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. 1514ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதற்கு இசைவு கேட்டுச் சுல்தானிடம் தூதர்களை அனுப்பினான். சுல்தான் கோட்டைக்கு இடம் கொடுக்கவில்லை. வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பவும் இல்லை. அரசர்களுக்கிடையே வழங்கும் மரியாதைப்படி பரிசுகள் கொடுத்தனுப்பினார். அவற்றுள் ஒன்று காண்டாமிருகம். 'முடியாது' என்ற ஒரு சொல்லை இத்துணைக் கனமான பரிசில் பொதிந்து அனுப்பிய அரசர் சரித்திரத்தில் வேறு எவரேனும் உண்டோ, யாமறியோம்!

கோவாவில் அதை வைத்துக்கொண்டு அல்புகர்க் என்ன செய்வான்? 1515 ஜனவரியில் கப்பலேற்றித் தன் மன்னன் மானுவேலுக்கு அனுப்பிவிட்டான். அதனோடு அதன் பாகனும் போனான். போர்ச்சுக்கீசியர் அவன் பெயரை 'ஓசெம்' என்று எழுதி வைத்திருக்கின்றனர். அந்தச் சிதைந்த ஒலிக்குள் மறைந்திருக்கும் பெயர் எதுவாக இருக்கக்கூடும் என்பதை நம் வாசகர்கள் தாமே ஊகிக்கலாம். மன்னர்களின் பெயரும் மாலுமிகளின் பெயரும் கப்பலின் பெயரும்கூடச் செம்மையாகப் பதிவான ஒரு கதையில், அந்த விலங்குக்குத் தீனி வைத்து அதன் முரட்டுக் குணத்தைப் பொறுத்துக்கொண்டு அரைவாசி உலகத்தைச் சுற்றிப்போன மனிதனின் பெயர் மட்டும் இப்படி அரைகுறையாய் நிற்கிறது.

மொசாம்பிக், செயின்ட் ஹெலீனா, அசோர்ஸ் தீவுகள் ஆகிய இடங்களில் தங்கி, ஏறத்தாழ 120 நாள் கடற்பயணத்திற்குப் பின், 1515 மே 20ஆம் நாள் கப்பல் லிஸ்பனை அடைந்தது. ரோமப் பேரரசின் காலத்திற்குப் பிறகு ஐரோப்பிய மண்ணில் கால்வைத்த முதற் காண்டாமிருகம் இதுவே. செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. ஜூலை 13ஆம் நாளுக்குள் ரோமாபுரியில் இதைப்பற்றி ஒரு கவிதைப் புத்தகமே படத்துடன் அச்சாகிவிட்டது என்றால் அக்காலத்து ஆவலை என்னென்பது! லிஸ்பனிலிருந்து நியூரம்பர்க் வணிகர்களுக்கு ஒரு கடிதமும் ஓர் உருவரையும் போய்ச் சேர்ந்தன. டூரரின் கைக்கு எட்டியவை அவ்விரண்டுமே. அந்தக் கடிதத்தில் விலங்கின் பெயர் 'கண்டா' என்றிருந்தது. நம் 'காண்டாமிருகம்' என்ற சொல்லில் ஒலிப்பதும் அதுவே.

லிஸ்பனில் அதற்கு ஒரு பரீட்சை காத்திருந்தது. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் பிறவிப் பகை என்றும், காண்டாமிருகம் தன் கொம்பைப் பாறையில் தீட்டிக்கொண்டுவந்து யானையின் வயிற்றைக் குத்தும் என்றும் முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் எழுதியிருந்தார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மன்னன் மானுவேலுக்குக் கிடைத்தது. அவனிடம் யானைகளும் இருந்தன. ஜூன் 3ஆம் நாள், அரண்மனை முற்றத்தில், பெருங்கூட்டத்தின் நடுவே இளம் யானை ஒன்றைக் காண்டாமிருகத்தின் எதிரே நிறுத்தினார்கள். காண்டாமிருகம் மெல்ல முன்னேறியது. யானை வெருண்டு, வந்த வழியே ஓடிப்போயிற்று. பிளினி சொன்னது மெய்யென்று கூட்டம் கலைந்தது.

இதுவன்றோ கவனிக்க வேண்டிய இடம்! அந்த இளம் யானை காண்டாமிருகத்தைக் கண்டு ஓடியதா, கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு ஓடியதா என்று கேட்பார் இல்லை. ஒரே ஒரு சாட்சியை வைத்து ஒரு குலத்துக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். டூரரின் படத்துக்கு மேலே அச்சான குறிப்பிலும் இந்தப் பகை ஐயமற்ற உண்மையாகவே இடம்பெற்றது. அக்குறிப்பில் விலங்கு வந்த ஆண்டுகூட 1513 என்று தவறாக இருக்கிறது. நியூரம்பர்க், கவசம் செய்யும் கொல்லர்களுக்குப் பெயர்பெற்ற ஊர். தோலின் தடித்த மடிப்புகளைப் பற்றிக் கடிதத்தில் படித்த ஓவியரின் மனக்கண்ணில் தம் ஊர்க் கொல்லர்களின் கைவேலை தோன்றியதில் வியப்பில்லை. அவர் கை மகத்தான கை. அதனாலேயே தவறும் மகத்தான அழகோடு அமைந்துவிட்டது. அவர் வாழ்ந்த காலத்திலேயே நாலாயிரம், ஐயாயிரம் படிகள் விற்றிருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். 1551இல் வெளியான கெஸ்னரின் பெரும் விலங்கியல் நூலிலும் இப்படமே ஏறியது. தோள்மேட்டுக் கொம்பும் உடன் ஏறியது.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது? இடைக்கால ஐரோப்பாவில் விலங்கு நூல்கள் என்று ஒரு வகை ஏடுகள் பெருவழக்காக இருந்தன. அவற்றுக்கு மூலம், கிரேக்க மொழியில் கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் எழுந்த 'பிசியோலோகஸ்' என்னும் சிறு நூல். சிங்கக் குட்டி செத்துப் பிறக்கும், மூன்றாம் நாள் தந்தை வந்து ஊத உயிர்பெறும். தாய்ப்பறவை தன் மார்பைக் கிழித்துக் குருதியால் குஞ்சுகளை உயிர்ப்பிக்கும். இப்படியெல்லாம் அதில் வரும். எழுதியவர்களின் நோக்கம் விலங்கியலன்று, சமயபோதனை. ஒவ்வொரு விலங்கும் அவர்களுக்கு ஓர் உவமை. ஆகவே அவர்களை மூடர்கள் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஆனால், உவமையாய்ச் சொன்னதைப் பின்வந்தோர் உண்மையாய்ப் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த ஏடுகளின் செல்லப் பிள்ளை ஒற்றைக்கொம்பன். ஆட்டுக் குட்டியை ஒத்த சிறு உருவம், நெற்றியின் நடுவே ஒரு கொம்பு. பின்னாளில் அழகிய வெண்குதிரையின் சாயலும் சேர்ந்துகொண்டது. வேடர் எவராலும் பிடிக்க முடியாத அது, ஒரு கன்னிப்பெண்ணைக் கண்டால் அவள் மடியில் தலைவைத்துத் துயின்றுவிடுமாம்; அப்போதுதான் பிடிபடுமாம். பழைய வேதாகமத்தின் எபிரேய மூலத்தில் காட்டு மாட்டைக் குறித்த ஒரு சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ஒற்றைக்கொம்பன்' என்று பெயர்த்துவிட்டதால், அதை மறுப்பது வேதத்தையே மறுப்பதாகும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பாளர்கள் பொறுப்புணர வேண்டியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292ஆம் ஆண்டையொட்டிச் சுமாத்திராத் தீவில் தங்கியபோது இந்த ஒற்றைக்கொம்பனை நேரில் கண்டதாகவே நம்பினார். அவர் கண்டது காண்டாமிருகம். யானையைவிடச் சற்றே சிறியது, யானைக்கால், எருமை மயிர், கருத்த கொம்பு, சேற்றில் புரள்வதில் பெருவிருப்பம் என்று அடையாளங்களைச் சரியாகவே சொல்கிறார். பார்க்கவே அருவருப்பானது என்றும், நம் ஊரில் சொல்வதுபோல் கன்னியர் மடியில் பிடிபடுகிற பிராணி இதுவன்று என்றும் அலுத்துக்கொள்கிறார். எனக்கு மார்க்கோ போலோவிடம் மிகவும் பிடித்த இடம் இது. கண் கண்டதை அப்படியே சொல்கிறது. மனமோ ஊரில் கேட்ட பெயரைவிட மறுக்கிறது. ஒற்றைக்கொம்பன் என்று ஒன்று இல்லை என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. ஒற்றைக்கொம்பன் அழகில்லாதது என்ற முடிவுக்கு வந்தார்!

அவருடைய ஏமாற்றம் ஊராருக்குத் தொற்றவில்லை. சித்திரத் திரைச்சீலைகளில் வெண்ணிற ஒற்றைக்கொம்பன் 1500ஆம் ஆண்டளவில்தான் தன் முழு எழிலோடு உலவிற்று. அதன் கொம்பு நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையினால் அரசர்கள் பொன்னைக் கொட்டி அதை வாங்கினார்கள். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்திடம் இருந்த கொம்பு பத்தாயிரம் பவுன் பெறும் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது வடதுருவக் கடல்களில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில இனத்தின் நீண்ட பல். இதை 1638இல் டென்மார்க்கின் மருத்துவ அறிஞர் ஓலே வோர்ம் ஐயந்திரிபற விளக்கினார். அதற்கு முன்பே, 1582இல், பிரெஞ்சு அரச மருத்துவர் பாரே அக்கொம்பின் மருத்துவ ஆற்றலை மறுத்து எழுதியதுண்டு. ஆயினும், வோர்ம் விளக்கிய பின்னரும் டென்மார்க்கு மன்னர் அந்தப் பற்களைக் கொண்டே தம் சிம்மாசனத்தை அமைத்துக்கொண்டார். கதை தோற்றாலும் விலை தோற்பதில்லை போலும்.

இனி நம் பக்கம் வருவோம்.

காண்டாமிருகம் இந்தியாவின் விலங்கு. இந்தியாவுக்குக் கப்பலோட்டியவர்கள் அரபு வணிகர்கள். ஆகவே, ஐரோப்பியர் கன்னியர் மடியில் ஒற்றைக்கொம்பனைத் துயிலவைத்த காலத்தில், அரபு மொழியில் எழுதியவர்களுக்குக் கேட்டறிய ஆள்கள் இருந்தார்கள். கி.பி. 851இல் தொகுக்கப்பட்ட சீனா, இந்தியா பற்றிய வணிகர் குறிப்பொன்றில் இவ்விலங்கு வருகிறது. இதன் இறைச்சி ஆகுமானது என்றும், தாங்களே உண்டிருப்பதாகவும் அவ்வணிகர்கள் கூறுகின்றனர். உண்டவனுக்கு அது ஒற்றைக்கொம்புக் குதிரையாகத் தோன்ற வழியில்லை! அதே குறிப்பில், கொம்பைப் பிளந்தால் உள்ளே மனிதன், மயில், மீன் போன்ற உருவங்கள் இயற்கையாகவே காணப்படும் என்றும், சீனர்கள் அதில் இடைக்கச்சை செய்து இரண்டாயிரம், மூவாயிரம் தீனார் கொடுத்து வாங்குவர் என்றும் எழுதியிருக்கிறது. மெய்யும் மிகையும் ஒரே பக்கத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

பக்தாதில் பிறந்து நாடெல்லாம் சுற்றிய அல்மஸ்ஊதி (மறைவு கி.பி. 956) 'முரூஜுத் தஹப்' என்னும் தம் நூலில் இதைப்பற்றி எழுதும் பகுதி பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர் பஸராவின் பேரறிஞர் ஜாஹிள். 'கிதாபுல் ஹயவான்' என்ற மாபெரும் நூலின் ஆசிரியர். அரிஸ்டாட்டிலைக்கூடத் தயங்காமல் மறுத்தவர். ஒட்டகம், காட்டுப்பசு, கழுதைப்புலி ஆகியவற்றின் கலப்பில் ஒட்டகச்சிவிங்கி பிறக்கிறது என்ற பாமரக் கதையைத் தள்ளியவர். அத்தகையவர், காண்டாமிருகம் ஏழாண்டு கருவைச் சுமக்கும் என்றும், குட்டி தாயின் வயிற்றிலிருந்து தலையை வெளியே நீட்டி மேய்ந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும் என்றும் கூறியிருப்பதாக மஸ்ஊதி குறிப்பிடுகிறார்.

பெரியவர் சொல்லிவிட்டார் என்று மஸ்ஊதி விட்டுவிடவில்லை. இந்தியக் கடலில் போய்வரும் ஸீராஃப், உமான் நாட்டு மாலுமிகளைத் தேடிக் கேட்கிறார். இந்தியாவிலேயே தாம் சந்தித்த வணிகர்களையும் கேட்கிறார். கேட்கப்பட்டவர் அனைவரும் கேள்வியைக் கேட்டே வியந்து போகின்றனர். மாடும் எருமையும் ஈனுவதைப் போலத்தான் இதுவும் ஈனுகிறது என்கின்றனர். இந்தச் செய்தி ஜாஹிளுக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததா, எவரேனும் சொல்லக் கேட்டாரா, தெரியவில்லையே என்று மஸ்ஊதி முடிக்கிறார். ஏளனம் இல்லை, வசை இல்லை. 'இதை உமக்கு அறிவித்தவர் யார்?' என்ற ஒரு வினாவே அவர் ஏந்திய ஆயுதம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய ஒரு சமுதாயத்தில் அந்த வினா காண்டாமிருகத்தின் மீதும் பாய்ந்தது இயல்பே. உண்மையில் காண்டாமிருகம் கருவைச் சுமப்பது ஏறத்தாழ பதினைந்து, பதினாறு மாதம்.

அடுத்த நூற்றாண்டில் அல்பிரூனி வருகிறார். 1030ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய இந்தியா பற்றிய நூலில் இவ்விலங்கைக் 'கண்டா' என்று இந்தியப் பெயராலேயே அழைக்கிறார். கருத்த தோல், தாடைக்குக் கீழே தொங்கும் சதை, ஒவ்வொரு காலிலும் மூன்று குளம்பு, குட்டை வால், கன்னத்தில் தாழ இறங்கிய கண்கள், மூக்கின் மேல் வளைந்து நிமிர்ந்த கொம்பு. டூரருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த வருணனையில் தோள்மேட்டுக் கொம்பு எங்கே? இல்லை, கண்டவர் எழுதினார். வழியில் எதிர்ப்பட்ட யானையை இளங்காண்டாமிருகம் ஒன்று தாக்கி, அதன் முன்காலைக் கொம்பால் குத்தி முகங்குப்புற வீழ்த்தியதைத் தாமே பார்த்ததாகவும் சொல்கிறார். அவ்வளவே சொல்கிறார். பிறவிப் பகை என்று அதற்கு ஒரு சித்தாந்தம் கட்டவில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் நெஞ்சு நிமிரும். ஆனால், வரலாறு இத்தோடு நிற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கஸ்வீனி படைப்பின் அற்புதங்களைப் பற்றி எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. உள்ள விலங்கும் இல்லாத விலங்கும் அதில் தோளோடு தோள் நிற்கின்றன. மஸ்ஊதியும் பிரூனியும் எழுதிச் சென்றபின்னும், முஸ்லிம் நாடுகளின் ஓவியர்களும் சிற்பிகளும் காண்டாமிருகத்தை ஒற்றைக்கொம்பு முளைத்த குதிரையாக, மானாக, எருதாக, சில இடங்களில் சிறகு முளைத்ததாகக்கூட வடித்தனர். கெய்ரோவில் வாழ்ந்த இமாம் தமீரி (ரஹ்) 1405இல் மறைந்தவர். தையல் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கி அல்அஸ்ஹரில் பாடம் நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர். அவருடைய 'ஹயாத்துல் ஹயவான்' அகரவரிசையில் விலங்குகளைத் தொகுத்து, பெயரின் இலக்கணம், ஹதீஸில் வரும் இடம், உண்ணலாமா கூடாதா என்ற சட்டம், மருந்துக் குணம், கனவில் கண்டால் என்ன பலன் என்று ஒவ்வொன்றாக விளக்கும் அரிய கருவூலம். அங்கும் யாரும் காணாத 'அன்கா' பறவைக்கு ஓர் இடம் உண்டு. பழைய கதைகளை வேர்களோடு சேர்த்துத் தருவது அறிஞருக்குத் தொகுப்பு முறை. படிக்கும் பாமரருக்கு அது சான்றாகிவிடுகிறது. மஸ்ஊதி கேட்ட வினாவை அவருக்குப் பின் வந்தவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த வினாவை அடுத்து உரத்துக் கேட்டவர் கடலுக்கு அப்பால் இருந்தார் என்பது விந்தை. சிசிலியிலிருந்து ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக், 1229இல் எகிப்திய சுல்தான் அல்காமிலோடு போரின்றி உடன்படிக்கை செய்துகொண்டவர். சுல்தானிடமிருந்து அவருக்கு யானை ஒன்று வந்தது. அரபு வேட்டைக்காரர்களை வரவழைத்து வல்லூறு பழக்கும் கலையைக் கற்றார். பறவையின் கண்ணை மறைக்கும் தோல் தொப்பியை அரபியரிடமிருந்தே அறிந்ததாக அவரே ஒப்புகிறார். இப்னு ஸீனாவின் விலங்கியல் பகுதியை மைக்கேல் ஸ்காட் என்ற அறிஞர் லத்தீனில் பெயர்த்து அவருக்குக் காணிக்கையாக்கினார். பறவை வேட்டை பற்றி அவர் எழுதிய நூலில், ஒருவகை வாத்து கடலில் மிதக்கும் மரத்திலிருந்து காய்போலப் பழுத்து விழுகிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பிய கதை வருகிறது. பிரெடரிக் வடநாட்டுக்கு ஆளனுப்பி அந்த மரத்துண்டுகளையே வரவழைத்தார். சிப்பி போன்ற ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. பறவையின் சாயலே அதில் இல்லை. தொலைவான இடத்தில் கூடு கட்டும் பறவையாதலால் மக்கள் இப்படிக் கதை கட்டியிருப்பார்கள் என்று எழுதி வைத்தார். கழுகு பிணத்தை மணத்தால் அறிகிறதா, கண்ணால் அறிகிறதா என்பதைக் கண்டறிய அதன் இமைகளைத் தைத்துச் சோதித்ததும் அவரே. அது கொடுமையான சோதனைதான். ஏட்டைப் புரட்டி விடை காணும் வழி அவருக்குத் திருப்தி தரவில்லை.

யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் உள்ள பகையைப் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. அதை மீண்டும் விசாரித்தவர் பாபர். காண்டாமிருகம் யானையைக் கொம்பில் தூக்கிவிடும் என்று தம் தாயகத்தில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். அது தவறாகவே இருக்க வேண்டும் என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். பெஷாவர்ப் பக்கத்துக் காடுகளில் அக்காலத்தில் காண்டாமிருகம் நிறைய இருந்தது. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் என்ன நடக்கும் என்ற ஆவல் அவருக்கு நெடுநாளாக உண்டு. 1525 டிசம்பரில், பானிபட் போருக்குச் சில மாதங்கள் முன்பு, வேட்டையின்போது பாகர்கள் ஓட்டிவந்த யானைகளின் நேர் எதிரே ஒரு காண்டாமிருகம் வெளிப்பட்டது. பாகர்கள் யானைகளை அதன்மேல் செலுத்தினார்கள். காண்டாமிருகம் எதிர்த்து நிற்கவில்லை. வேறு பக்கமாக ஓடிப்போயிற்று.

பிரூனி கண்டபோது யானை வீழ்ந்தது. லிஸ்பனில் யானை ஓடியது. பெஷாவரில் காண்டாமிருகம் ஓடியது. மூன்றையும் ஒருசேரப் பார்க்கிறவனுக்குப் பிளினியின் சித்தாந்தம் என்னாகும்? விலங்குகளும் மனிதர்களைப் போலத்தான். ஒரு நாள் சண்டையிடும். ஒரு நாள் விலகிப்போகும். பாபரின் குறிப்பு அரண்மனைச் சுவடியாக இருந்தது. டூரரின் படம் சந்தையில் விற்றது. எது எங்கே பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1741இல் வங்காளத்திலிருந்து ஒரு டச்சுக் கப்பல் தலைவர் கொண்டுபோய், 1758 வரை ஊர் ஊராகக் காட்டிய 'கிளாரா' என்னும் காண்டாமிருகத்தைக் கண்ட பிறகே, அந்தத் தோள்மேட்டுக் கொம்பு ஐரோப்பியர் மனத்திலிருந்து மெல்ல உதிரத் தொடங்கிற்று.

முஸப்பர் ஷாவின் காண்டாமிருகத்தை லிஸ்பன் முற்றத்திலேயே விட்டுவிட்டோம். மானுவேல் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. 1514இல் போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்கு அவன் அனுப்பிய இந்திய யானை, மும்முறை மண்டியிட்டு வணங்கி ரோமாபுரியையே மயக்கியிருந்தது. அதே வழியில் இதையும் அனுப்ப முடிவு செய்தான். 1515 டிசம்பரில், கழுத்தில் பச்சை வெல்வெட்டுப் பட்டையோடு மறுபடியும் கப்பலேற்றினார்கள். வழியில், 1516 ஜனவரியில், மார்செய்க்கு அருகிலுள்ள ஒரு தீவில் பிரெஞ்சு மன்னன் பிரான்சுவா அதைப் பார்த்துப் போனான். அதன்பின் இத்தாலியக் கரையோரம், போர்ட்டோ வேனேரே என்ற துறையின் குறுகிய நீர்வழியில் புயல் வீசிக் கப்பல் கவிழ்ந்தது.

அந்தத் துறையின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மற்றொரு விலங்கின் நினைவு வரும். கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் பிராங்கியப் பேரரசர் சார்லமேனுக்கு அனுப்பிய அபுல் அப்பாஸ் என்ற யானை, 801 அக்டோபரில் ஐரோப்பிய மண்ணில் இறங்கியது இதே போர்ட்டோ வேனேரேயில்தான். சார்லமேன் அனுப்பிய தூதர் மூவரில் இருவர் வழியிலேயே மாண்டுபோக, எஞ்சிய ஈசாக் என்ற யூதர் யானையை அங்கே கரையிறக்கி, ஆல்ப்ஸ் மலையில் பனி அடைத்திருந்ததால் குளிர்காலம் கழியக் காத்திருந்து, 802 ஜூலை 20ஆம் நாள் ஆஹன் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது 810 வரை வாழ்ந்தது.

காண்டாமிருகத்திற்கு அந்தக் கரை வாய்க்கவில்லை. நீந்தத் தெரிந்த விலங்குதான். ஆனால், கப்பலின் மேல்தளத்தில் அதைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். பிணைப்போடு மூழ்கிப்போயிற்று.

டூரர் வரைந்த அதே 1515இல், அவுக்ஸ்பர்க் நகரத்து ஓவியர் ஹான்ஸ் புர்க்மைரும் அதே விலங்கை மரத்தில் செதுக்கி அச்சிட்டார். அவரும் அதைக் கண்டதில்லை, கேட்டே வரைந்தார். ஆயினும், அவர் படத்தில் கவசம் இல்லை. தோள்மேட்டுக் கொம்பு இல்லை. தோல் தோலாக இருக்கிறது. அந்தப் படம் பரவவில்லை. இன்று உலகில் அதன் ஒரே ஒரு படிதான் எஞ்சி, வியன்னாவில் இருக்கிறது. டூரர் வரையாத மற்றொன்றையும் புர்க்மைர் வரைந்திருக்கிறார். அவருடைய காண்டாமிருகத்தின் முன்னங்கால்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன.